சதுரத்தின் மூலைவிட்டம்

54 தப்படி நீளமுள்ள ஒரு கயிறு; இரு முனையிலும் வளையம். கிழக்கு மேற்காக 36 தப்படி இடைவெளியில் இரண்டு முளைகள் அடித்திருக்கின்றன. வளையங்களை அந்த முளைகளில் மாட்டினால் கயிறு 18 தப்படி மிஞ்சித் தொய்ந்து கிடக்கும். மேற்கு முனையிலிருந்து 15ஆவது தப்படியில் கயிற்றில் ஓர் அடையாளம் உண்டு. ஒருவர் அந்த இடத்தைப் பிடித்துத் தெற்கே இழுக்கிறார். இரு பக்கமும் கயிறு விறைத்து நின்றதும் அங்கே மூன்றாவது முளை இறங்குகிறது. அதே அடையாளத்தை வடக்கே இழுத்தால் நான்காவது முளைக்கும் இடம் கிடைத்துவிடும். மூலைமட்டம் இல்லை, கோணமானி இல்லை. ஆனாலும் மேற்கு முளையில் விழுந்திருப்பது அப்பழுக்கற்ற செங்கோணம். 15, 36, 39 என்ற மூன்று பக்கங்கள் செய்த வேலை அது. 15-இன் வர்க்கம் 225. 36-இன் வர்க்கம் 1,296. இரண்டும் சேர்ந்தால் 1,521. அது 39-இன் வர்க்கம்.

பிறகு கயிற்றை முனை மாற்றி மாட்டுகிறார்கள். இப்போது கிழக்குப் பக்கம். பிடித்து இழுப்பது அதே 15-இல்தான். ஆனால் முளை அடிப்பது 12ஆவது தப்படியில். நான்கு மூலைகளும் அமைந்துவிட்டன. மேற்கே 30, கிழக்கே 24, இடையே நீளம் 36. மேற்கே அகன்று கிழக்கே ஒடுங்கும் இந்தச் சரிவகத்துக்கு மகாவேதி என்று பெயர். சோம வேள்விக்கான களம் அது. அதை அமைக்கும் முறையைச் சுல்ப சூத்திரங்கள் சொல்கின்றன.

பௌதாயனர், ஆபஸ்தம்பர், மானவர், காத்யாயனர் ஆகியோரின் பெயரில் நிலைத்த இந்த நூல்களில் பௌதாயனருடையதே பழையது. கி.மு. 800-க்கும் 500-க்கும் இடைப்பட்டது என்பது பொதுவான கணிப்பு. 1870-களில் ஜார்ஜ் திபோ என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றை ஆராய்ந்து எழுதிய பிறகே உலகக் கணித வரலாறு இவற்றைப் பேசத் தொடங்கியது. நூல்களின் நடை சுருக்கமானது. வேலை செய்கிறவருக்குச் சொல்லும் கட்டளை போன்றது. இங்கே முளை அடி, அங்கே இழு, இந்த இடத்தில் குறி வை. ஆனால் ஆபஸ்தம்பர் ஓரிடத்தில் கட்டளையோடு நிற்கவில்லை. மகாவேதியின் பரப்பு 972 சதுரத் தப்படி என்று சொல்லிவிட்டு, அது எப்படி என்றும் காட்டுகிறார். சரிவகத்தின் ஒரு பக்கத்தில் சாய்ந்து நிற்கும் முக்கோணத்தை வெட்டி எடுத்துத் தலைகீழாக மறுபக்கத்தில் பொருத்து. 27-க்கு 36 என்று நீள்சதுரம் ஆகிவிடும். கணக்கு சரி என்று சொல்வது வேறு, சரி என்று காட்டுவது வேறு. இந்திய மண்ணில் ஓர் ஆசிரியர் இரண்டாவதைச் செய்த மிகப் பழைய இடங்களில் இது ஒன்று.

வழிபாட்டு இடத்தைக் கட்டுவதற்கு ஏன் இவ்வளவு கணிதம் வேண்டியிருந்தது? விடை அந்தச் சடங்கின் நிபந்தனையில் இருக்கிறது: வடிவம் மாறலாம், பரப்பு மாறக்கூடாது.

வீட்டில் வளர்க்கும் மூன்று தீக்களில் ஒன்றுக்கு வட்டம், ஒன்றுக்குச் சதுரம், இன்னொன்றுக்கு அரைவட்டம். மூன்றும் ஒரே பரப்பு கொண்டிருக்க வேண்டும். பெரிய வேள்விகளுக்கான செங்கல் மேடையை வேண்டுதலுக்கு ஏற்பப் பருந்தாகவோ ஆமையாகவோ தேர்ச்சக்கரமாகவோ கட்டலாம். முதல் முறை கட்டும்போது எந்த வடிவமானாலும் பரப்பு ஏழரைச் சதுரப் புருஷம். வேள்வி செய்பவர் கையை உயர்த்தி நின்றால் வரும் உயரம் ஒரு புருஷம். அதில் 120 விரல். அடுத்த முறை எட்டரை, அதற்கடுத்து ஒன்பதரை என்று மேடை வளர வேண்டும். ஆனால் வடிவத்தின் விகிதம் குலையக்கூடாது. இந்த நிபந்தனைகளை ஏற்றுக்கொண்ட ஒருவர் வர்க்கமூலத்தைத் தேடிப் போகாமல் தப்பிக்க முடியாது. சதுரத்தை வட்டமாக்கவும், வட்டத்தைச் சதுரமாக்கவும், இரண்டு சதுரங்களைச் சேர்த்து ஒன்றாக்கவும் வழி கண்டாக வேண்டும். பக்தியின் கட்டாயம் கணிதத்தின் கட்டாயமாக மாறிய இடம் இது.

சதுரத்தை வட்டமாக்க பௌதாயனர் தரும் வழியைத் தரையில் ஒரு கோலும் நூலும் கொண்டு யாரும் செய்து பார்க்கலாம். சதுரத்தின் மையத்திலிருந்து மூலைக்கு நூலைப் பிடித்து, அதைப் பக்கத்தின் நடுவை நோக்கித் திருப்பினால், நூல் சதுரத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு வட்டம் சுழற்ற வேண்டும். இப்படி வரும் வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட ஏறக்குறைய 1.7 விழுக்காடு கூடுதல். செங்கல் அடுக்கும் வேலைக்கு இது தாராளமாகப் போதும்.

ஆனால் மூலைவிட்டத்தின் கதையே வேறு. ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தைப் பக்கமாகக் கொண்டு இன்னொரு சதுரம் வரைந்தால் பரப்பு இரு மடங்காகும் என்பது அவர்களுக்குத் தெரியும். நீள்சதுரத்தின் மூலைவிட்டம், அதன் இரு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளைச் சேர்த்தே உண்டாக்கும் என்று பொதுவிதியாகவும் பௌதாயனர் சொல்கிறார். இன்று பள்ளிப் பிள்ளைகள் பிதாகரஸின் பெயரால் படிப்பது இதைத்தான். அதோடு, பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் எவ்வளவு என்பதற்கும் ஒரு வாய்பாடு தருகிறார். பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றைக் கூட்டு. அந்த மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்றையும் கூட்டு. கடைசியாகக் கூட்டியதில் முப்பத்துநான்கில் ஒன்றைக் கழி. கணக்கிட்டால் 577/408 வரும். தசமத்தில் 1.4142157. இரண்டின் வர்க்கமூலம் 1.4142136. பக்கம் ஒரு கிலோமீட்டர் உள்ள சதுரத்தை இந்த வாய்பாட்டால் அளந்தாலும் மூலைவிட்டத்தில் வரும் பிழை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர்.

வேள்வி மேடையின் பக்கமோ சில புருஷங்கள்தான். ஈரக் களிமண்ணும் சுட்ட செங்கலும் கயிற்றின் தொய்வும் சேர்ந்த வேலையில் இத்தனை நுட்பம் கண்ணுக்கே தெரியாது. தேவைக்குத் தீர்வு கண்ட பிறகும் யாரோ ஒருவர் விடாமல் மேலே போயிருக்கிறார். பயன்பாட்டுக்காகத் தொடங்கிய கணக்கு தனக்காகவே வளர்ந்த தருணம் அந்த முப்பத்துநான்கில் ஒன்றில் பதிந்திருக்கிறது.

பருந்து மேடையில் ஐந்து அடுக்கு; அடுக்குக்கு 200 செங்கல்; மொத்தம் ஆயிரம். ஓர் அடுக்கின் இணைப்பு அடுத்த அடுக்கின் இணைப்பின் மேல் நேராக அமையக்கூடாது. இன்றைக்கும் சுவர் கட்டும் கொத்தனார் கடைப்பிடிக்கும் விதிதான் அது. ஆனால் சாய்ந்த இறக்கையும் வாலும் கொண்ட பறவை வடிவில், செங்கல் எண்ணிக்கையும் பரப்பும் மாறாமல், இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் நிரப்புவது எளிதல்ல. சதுரம், அரைச்சதுரம், முக்கோணம் எனப் பல அச்சுகளில் செங்கல் வார்க்க வேண்டும். ஒற்றைப்படை அடுக்குக்கு ஓர் அமைப்பும் இரட்டைப்படை அடுக்குக்கு வேறோர் அமைப்பும் வேண்டும். 1975 ஏப்ரலில் கேரளத்தின் பாஞ்ஞாள் கிராமத்தில் நம்பூதிரிகள் இந்த வேள்வியைச் செய்தபோது ஃபிரிட்ஸ் ஸ்டால் என்ற அறிஞர் முன்னின்று அதை முழுமையாகப் பதிவு செய்தார். பறவை மேடை கல் கல்லாக எழுந்ததைப் படத்தில் இன்றும் பார்க்கலாம்.

தமிழுக்கும் இது அந்நியமல்ல. புறநானூற்றின் 224ஆம் பாட்டு, கரிகாலன் இறந்தபின் கருங்குழலாதனார் பாடிய கையறுநிலை. பருந்து வடிவக் களத்தில் தூண் நட்டு அவன் செய்த வேள்வியை அவர் அதில் நினைவுகூர்கிறார். சோழநாட்டில் யாரோ கயிறு பிடித்து, செங்கல் எண்ணி, இறக்கைகளை அளந்திருக்கிறார்கள்.

வேள்விக்களம் தற்காலிகமானது, சடங்கு முடிந்தால் அதன் வேலையும் முடிந்தது. கற்றளி என்ற கற்கோயில் நிலைத்து நிற்க வந்தது. இரண்டுக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி உண்டு. கோயிலை வேள்விமேடையின் நேர்வாரிசு என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறவர்கள் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆனால் கருவி மாறவில்லை. முளையும் நூலும்தான். சிக்கலும் மாறவில்லை. அதே மூலைவிட்டம்தான்.

கருவறையில் நிற்கும் லிங்கத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆகம முறைப்படி செய்த லிங்கத்தின் அடிப்பகுதி சதுரம். அது பிரம்ம பாகம். நடுப்பகுதி எண்கோணம், விஷ்ணு பாகம். ஆவுடையாருக்கு மேலே தெரிகிற ருத்ர பாகம் வட்டம். வணங்குகிறவர் கண்ணுக்கு வட்டம் மட்டுமே தெரியும். சதுரத்திலிருந்து எண்கோணம், அதிலிருந்து வட்டம் என்று கல் படிப்படியாக மூலை இழந்து வந்த வரலாறு ஆவுடையாருக்கு உள்ளே இருக்கிறது. சிற்பி கல்லை உருட்டும் வழியும் அதுதான். சதுரத் தூணின் நான்கு மூலைகளைத் தட்டினால் எட்டுப் பட்டை, எட்டு மூலைகளைத் தட்டினால் பதினாறு, அப்புறம் உருளை.

மூலையில் எவ்வளவு தட்டினால் எட்டுப் பட்டையும் சமமாகும்? ஒவ்வொரு மூலையிலிருந்தும் அரை மூலைவிட்ட நீளத்தைப் பக்கத்தின்மேல் குறிக்க வேண்டும். எட்டுக் குறிகள் கிடைக்கும். அவற்றை இணைத்தால் எண்கோணம். சிற்ப நூல்களின் அளவையில் ஒரு முழத்துக்கு 24 விரல். ஒரு முழச் சதுரத்தில் இதைச் செய்து பார்ப்போம். அரை மூலைவிட்டம் 16.97 விரல், 17 என்றே வைத்துக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு பக்கமும் 7, 10, 7 என்று பிரியும். நடுவில் உள்ள 10 எண்கோணத்தின் ஒரு பக்கம். மூலையை வெட்டிய இடத்தில் வரும் பக்கம் 9.9. வேறுபாடு ஒரு விரலில் பத்தில் ஒன்று; அதாவது விரலை எட்டாகப் பகுத்த ஒரு தோரையைவிடக் குறைவு. உளி பிடித்த கைக்கு அது ஒன்றுமே இல்லை. இந்த 17 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பு கூடும். பௌதாயனர் வாய்பாட்டில் கடைசிக் கழித்தலை விட்டுவிட்டால் மிஞ்சுவது 17/12. பன்னிரண்டு என்பது அரை முழம். முழத்தை 24 விரலாகப் பகுத்த அளவுகோலில் மூலைவிட்டம் தானாகவே முழு எண்ணாக அமர்கிறது. 20 என்றோ 30 என்றோ பகுத்திருந்தால் இப்படி வாய்த்திருக்காது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சியும் இதே கதைதான். விமானம் 13 நிலையும் சதுரமாகவே ஏறிப் போய்க் கழுத்தில் எண்கோணமாக மாறுகிறது. சிகரம் எட்டுப் பட்டை. கீழே லிங்கத்தின் உடலில் நடக்கும் மாற்றம் மேலே வானத்தில் பெரிதாக நடக்கிறது. இராசராசன் 1010-இல் கலசம் வைத்த அந்தத் தளியின் சுற்றுச்சுவர் ஏறக்குறைய 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். இரண்டு சதுரங்களை ஒட்டி வைத்த அமைப்பு. மேற்குச் சதுரத்தின் நடுவில் விமானம் எழுகிறது. அதன் அடிப்பக்கம் சுமார் 30 மீட்டர். உயரம் அதன் இரு மடங்கை ஒட்டி வருகிறது. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் படுத்த நிலையில் முற்றமாகவும் நின்ற நிலையில் விமானமாகவும் இருக்கிறது. நுழைகிறவர் உடல் அதை உணர்ந்துகொள்ளும், அளவுகோல் வேண்டாம்.

இந்த உயரத்தைத் தாங்குவது இரட்டைச் சுவர். கருவறையைச் சுற்றி உள்சுவர், அதைச் சுற்றி நடைவழி, அதற்கப்பால் வெளிச்சுவர். மேல் நடைவழியில்தான் 108 நாட்டியக் கரணங்களைச் செதுக்கத் தொடங்கி 81 முடித்திருக்கிறார்கள். எஞ்சிய கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அதற்கு மேலே இரு சுவர்களும் சேர்ந்து, ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ் வரிசையைவிடச் சற்றே உள்நோக்கித் துருத்த, கூடாக மேலே குவிகின்றன. வளைவு இல்லை, சாந்து தாங்கும் வேலை இல்லை. எடையும் எடையும் எதிரெதிரே நின்று பிடித்துக்கொள்கின்றன. கல்லே கிடைக்காத காவிரிப் படுகையில், மணலும் களியும் கலந்த மண்ணில் இதை நிறுத்தியவர் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: வீரசோழன் குஞ்சரமல்லன் என்ற இராசராசப் பெருந்தச்சன்.

அந்தக் கல்வெட்டுகளை ஊன்றிப் படித்தால், கோயிலின் கணிதம் விமானத்தில் மட்டும் இல்லை என்பது தெரியவரும். கோயிலுக்குக் கொடுத்த செப்புத் திருமேனி ஒவ்வொன்றையும் பாதம் முதல் கேசம் வரை அளந்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை உயரம், எத்தனை கை, பீடம் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம். அளந்தது கோயிலில் வைத்திருந்த முழக்கோலால் என்பதையும் சொல்கிறார்கள். பொன்னை நிறுத்தது ஆடவல்லான் என்ற கல்லால். மணி பதித்த நகைகளை நிறுத்தது தக்ஷிணமேரு விடங்கன் என்ற கல்லால். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்றே பெயர். எடைக்கல்லுக்கு இறைவன் பெயரைச் சூட்டிய சமூகம் அளவில் பொய் சொல்வதை எப்படிப் பார்த்திருக்கும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

நில அளவிலும் அப்படியே. இராசராசன் காலத்தில் நாடு முழுவதும் நிலம் அளந்தார்கள். உலகளந்த கோல் என்ற பெயர் அதன் தடம். தேவதான ஊர்களின் பரப்பை வேலிக் கணக்கில் எழுதும்போது முந்திரியோடு நிற்கவில்லை. முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி. முந்திரியின் 320-இல் ஒரு பங்கு, அதாவது 1,02,400-இல் ஒன்று. அதற்கும் கீழே இன்னும் போகிறார்கள். கோல் அளக்க முடியாத நுண்மை இது. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, கழிவு நீக்கி, கணக்கு தந்த விடையை ஒரு துளியும் உதிராமல் எழுதியதால் வந்தது. முப்பத்துநான்கில் ஒன்றைக் கழித்தவரின் மனமும் இந்தக் கணக்கரின் மனமும் ஒரே இனம்.

கோயில் கட்டும் முன் தச்சர் போடும் ஆயாதிக் கணக்கு இதிலிருந்து மாறுபட்டது. அது மீதிகளின் கணிதம். மானசாரம் என்ற சிற்ப நூல் சொல்லும் முறையில் நீளத்தை எட்டால் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மிஞ்சுவது ஆயம். அகலத்தை ஒன்பதால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் மிஞ்சுவது விரயம். ஆயம் விரயத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். நீளத்தை எட்டால் பெருக்கி 27-ஆல் வகுத்த மீதி நட்சத்திரம். அகலத்தை மூன்றால் பெருக்கி எட்டால் வகுத்த மீதி யோனி; கொடி, புகை, சிங்கம், நாய், எருது, கழுதை, யானை, காகம் என எட்டு. ஒற்றைப்படையில் வரும் கொடியும் சிங்கமும் எருதும் யானையும் நல்லவை. நூலுக்கு நூல் வாய்பாடு சற்று மாறும்.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவதோ தெய்வ ரகசியம் என்று கும்பிடுவதோ எளிது. கணக்காகவே பார்த்தால் வேறொன்று தெரியும். அகலம் 240 விரல் என்றால் யோனியில் மீதி பூஜ்யம், காகம். ஒரு விரல் கூட்டி 241 ஆக்கினால் மீதி 3, சிங்கம். 10 முழம் என்று முழுசாக நினைத்த அளவு 10 முழம் 1 விரலாகிவிட்டது. மூன்றுக்கும் எட்டுக்கும் பொதுக்காரணி இல்லாததால் அடுத்தடுத்த எட்டு விரல்களுக்குள் எட்டு யோனிகளும் ஒருமுறை வந்துபோகும். நட்சத்திரமும் அப்படித்தான், எட்டுக்கும் 27-க்கும் பொதுக்காரணி கிடையாது. ஆயத்தில் மட்டும் 8-க்கும் 12-க்கும் 4 பொதுவானது என்பதால், முழு எண் நீளங்களுக்கு 0, 4, 8 என்ற மூன்றே மீதிகள்தான் வரும். ஆக, தச்சர் மனத்தில் முதலில் ஒரு விகிதம் இருக்கிறது. பிறகு பொருத்தம் பார்த்து விரல்கணக்கில் கூட்டிக் குறைக்கிறார். பழைய கோயில்களை அளப்பவர்களுக்கு ஒன்றுக்கு இரண்டு என்று வரவேண்டிய விகிதம் மயிரிழை பிசகி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பிசகு என்று நினைக்கும் இடத்தில் ஒரு முழுக் கணக்கு ஒளிந்திருக்கக்கூடும்.

திசை பார்ப்பதிலும் இப்படி விரல்கணக்கில் திருத்தும் எச்சரிக்கை உண்டு. சமதரையில் சங்கு என்ற நேர்க்கோலை நட்டு, அதைச் சுற்றி வட்டம் போட்டு, காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் மாலையில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு. காத்யாயனர் சுல்பத்திலும் மயமதம் என்ற சிற்ப நூலிலும் இதே முறைதான். ஆனால் காலைக்கும் மாலைக்கும் இடையில் சூரியனே வடக்கிலோ தெற்கிலோ சற்று நகர்ந்துவிடுகிறது. பங்குனியிலும் புரட்டாசியிலும் இந்த நகர்வு அதிகம். ஆனி, மார்கழியில் இல்லை என்றே சொல்லலாம். மயமதம் இதை அறிந்து, மாதத்துக்கு மாதம் எத்தனை விரல் திருத்த வேண்டும் என்று கணக்குக் கொடுக்கிறது. தன் முறையில் பிழை வரும் என்று தெரிந்து, அந்தப் பிழைக்கு அளவும் சொல்லிவைத்த நூல் அது.

இவ்வளவும் கண்முன் இருக்க, பெரிய கோயிலைப் பற்றி ஊரெங்கும் பரவியிருப்பது என்ன? விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற கதை. காலையிலோ மாலையிலோ போய் நின்றால் முற்றத்தில் நிழல் நீண்டு கிடப்பதைக் குழந்தையும் காட்டும். சிகரம் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது அடுத்த கதை. பல கற்களைச் சேர்த்து அமைத்தது என்று ஆய்ந்தவர்கள் காட்டிவிட்டார்கள். இப்போது 1.618 என்ற பொன்விகிதத்தை ஒவ்வொரு கோபுரப் படத்தின்மேலும் சுருள் சுருளாக வரைந்து பரப்புகிறார்கள். சிற்ப நூல்களில் அந்த எண் இல்லை. உயரத்துக்கும் அகலத்துக்கும் அவை சொல்பவை ஒன்றேகால், ஒன்றரை, இரண்டு போன்ற எளிய பின்னங்கள். நூலை மடித்தே எடுத்துவிடக்கூடியவை. பெருந்தச்சன் செய்யாததை அவர்மேல் ஏற்றிச் சொல்லும்போது அவர் செய்தது கண்ணுக்கு மறைந்துபோகிறது. அது அவருக்குச் செய்யும் மரியாதை அல்ல.

எண்ணுக்குப் பொருள் ஏற்றிக் கட்டுவதும் ஒரு மரபுதான். அது வெளிப்படையாக இருக்கும்போது அழகாகவே இருக்கிறது. கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டின் முதல் நாளில் திறந்த வள்ளுவர் சிலையை வை. கணபதி ஸ்தபதி 133 அடியாக அமைத்தார். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி. பொருளுக்கும் இன்பத்துக்குமாகச் சிலை 95 அடி. யாரும் தோண்டித் துருவிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அந்த எண்களைக் கடற்காற்றில் நிற்கும் கல்லாக மாற்றத் தேவைப்பட்ட கணக்குத்தான் கடினம். அது பழைய தச்சரின் கணக்கு.

அந்தக் கணக்கைப் படிக்க நமக்கு மிஞ்சியிருக்கும் முதல் ஏடு அதிஷ்டானம் என்ற கோயிலின் அடித்தளம். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும் அந்த வரிகள் ஒவ்வொன்றும் மொத்த உயரத்தின் இத்தனை பங்கு என்று கணக்குப்படி அமைந்தவை. குமுதம் சில கோயில்களில் உருண்டை, சிலவற்றில் முப்பட்டை. எண்கோணத்தின் மூன்று முகங்கள் மட்டும் சுவரிலிருந்து வெளியே தெரிவது அந்த முப்பட்டை. 7, 10, 7 அங்கேயும் உண்டு. சில கோயில்களில் அளவுகோலின் நீளத்தையே அதிஷ்டானத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். கல்வெட்டு தேடிப் போகிறவர்கள் அதைக் கண்டு நிற்பதுண்டு.

திருப்பணி என்ற பெயரில் முதலில் மறைவதும் இந்த ஏடுதான். முற்றத்தில் புதுக்கல் பாவித் தரை உயரும்போது உபானமும் ஜகதியும் மண்ணுக்குள் போய்விடுகின்றன, கோயில் குட்டையாகிவிடுகிறது. சுவரை மணல்வீச்சில் துலக்கியபோது எழுத்தும் நூற்கோடும் தேய்ந்தன. கல்லைப் பெயர்த்து மறுபடி வைக்கும்போது இரண்டு விரல் தள்ளி வைத்தால் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு யோனி மாறிவிட்டது, ஒரு விகிதம் அழிந்துவிட்டது. அதற்கப்புறம் யார் வந்து எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் கிடைப்பது பெருந்தச்சனின் கணக்கு அல்ல, ஒப்பந்தக்காரரின் கணக்கு.

உங்கள் ஊர்க் கோயிலில் குடமுழுக்குப் பேச்சு எழுந்தால், நன்கொடைச் சீட்டு வாங்கும்போதே திருப்பணிக் குழுவிடம் ஒன்று கேளுங்கள்: கல்லில் கை வைக்கும் முன் அதிஷ்டானத்தையும் கருவறையையும் தூண்களையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து வரைபடம் போட்டாயிற்றா? போடவில்லை என்றால் பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களை அழைத்தாவது போடச் சொல்லுங்கள். ஒரு படியைக் கோயிலிலும் ஒரு படியை ஊர் நூலகத்திலும் வைக்கச் சொல்லுங்கள்.